மாவு மூட்டைப் பட்டாளம்

ரிச்சர்ட்சன், டெக்சஸ்
10-3-1996

மரியாதைக்குரிய அண்ணி அவர்களுக்கு,

பழனியம்மாள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அண்ணனுடைய கால் வீக்கம் குறைந்து, நீங்களும் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்க நம் குலதெய்வம் துணை இருக்கட்டும். இங்கே மகன் செல்வராஜ், மருமகள் தாமரைச்செல்வி, குழந்தை தென்றல் மூன்று பேரும் சுகம். உங்கள் தம்பியைப் பற்றி மட்டும் அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை.

கண்மணி, இதை வழக்கம்போல நீதான் உன் மாமியாருக்கு வாசித்துக் காட்டுவாய். முதலில் நீ தனியாக ஒரு தடவை படித்துவிடு. அத்தை சாப்பிட்டு முடித்த பிறகு பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாக வாசி.

வந்த நாளாக அவருக்கு இருமல். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நானும் சுக்கும் மிளகும் கொடுத்துப் பார்த்தேன். நிற்கவில்லை. போன வாரம் செல்வராஜ் லீவு போட்டு டாக்டரிடம் கூட்டிப் போனான். நெஞ்சுப் படம் எடுத்தார்கள். இடது பக்கம் நுரையீரலை ஒட்டி வெள்ளையாக ஒரு புள்ளி இருக்கிறதாம். பழைய காச நோயின் தழும்பாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம், பெரிய ஸ்கேன் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வேறு ஏதாவதுக்கு வீட்டில் யாரும் பெயர் சொல்வதில்லை. தாமரைச்செல்வி குழாயைத் திறந்துவிட்டு அழுததைப் பார்த்தேன். புற்றுநோய் என்று நானே எழுதிவிடுகிறேன் அண்ணி. மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டால் மூச்சு முட்டுகிறது.

டாக்டர் ரூமுக்கு நாங்கள் குடும்பத்தோடு போயிருந்தோம். உட்கார இடம் இல்லாமல் செல்வராஜ் சுவரோரம் நின்றான். டாக்டர் உங்கள் தம்பியைப் பார்த்துத்தான் கேட்கிறார். பதில் சொல்வதெல்லாம் உங்கள் மருமகன் செல்வராஜ். பீடி உண்டா, கிடையாது. காச நோய் வந்ததா, இல்லை. பஞ்சு மில்லில் வேலை பார்த்தாரா, இல்லை. ராணுவத்தில் இருந்தாரா, இருந்தார், ஆனால் ஸ்டோரில் மாவு மூட்டை அடுக்கிக்கொண்டு இருந்தார். அடி, காயம்? சின்ன வயதில் மாடு முட்டிய தழும்பு முதுகில் ஒன்று. அவ்வளவுதான். இவர் பாட்டுக்குச் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூடு படத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பேசாமடந்தை.

அதனால்தான் உங்களைக் கேட்கிறேன். அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தது நீங்கள். கடலைக்கு விலையே இல்லாமல் போய், வியாபாரி வண்டி ஊர்ப்பக்கம் வராத அந்த வருஷங்களில் நீங்கள் பட்டதை அரைகுறையாகக் கேட்டிருக்கிறேன். கேழ்வரகு வாங்க வழியில்லாமல் காலையும் கடலை, மாலையும் கடலை என்று தின்று, வயிறு கெட்டுக் கடைக்குட்டித் தம்பி போனானே. இன்றைக்கும் கடலைச் சட்னி என்றால் இவர் இலையை விட்டு எழுந்துவிடுகிறார். மறு வருஷம் மழையும் பொய்த்து, மாடுகளை விற்ற பிறகு, உங்கள் அப்பா ஏர் பிடிக்க நீங்களும் உங்கள் அம்மாவும் நுகத்தடிக்குத் தோள் கொடுத்ததாக ஒரு தடவை சொன்னீர்கள். அந்தப் பஞ்சத்தில் இவருக்கு நெஞ்சுச் சளி, ரத்தம் கலந்த இருமல் ஏதாவது வந்ததா? காச நோய் என்றாலும் பரவாயில்லை. அதற்கு மருந்து இருக்கிறது.

செல்வராஜ் போன் பண்ணிக் கேட்கலாம் என்றான். உங்களைக் கடைவீதி பூத்து வரைக்கும் நடக்க வைத்து, வரிசையில் நிற்கிறவர்கள் காதில் விழ இதைப் பேச எனக்கு மனசில்லை. அடுத்த வியாழக்கிழமை ஸ்கேன். இந்த மனுஷனை முழுசாக ஊருக்குக் கூட்டி வரவேண்டும் அண்ணி. எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி
பழனியம்மாள்


ரிச்சர்ட்சன், டெக்சஸ்
24-3-1996

பாசமுள்ள அண்ணி அவர்களுக்கு,

பழனியம்மாள் எழுதிக்கொள்வது. உங்கள் தம்பிக்குப் புற்றுநோய் இல்லை. கண்மணி, இந்த வரியை மட்டும் இன்னொரு தடவை சத்தமாக வாசி.

செல்வராஜ் பூத்துக்குப் போன் பண்ணி, அப்பா நன்றாக இருக்கிறார், பயப்பட ஒன்றுமில்லை என்று சேதி சொல்லச் சொன்னான். சொல்லியிருப்பார்கள். ஆனால் பூத்துக்காரரிடம் சொல்ல முடியாத மீதிக் கதை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அக்காளும் தம்பியும் சேர்ந்து என்னை என்ன பாடு படுத்தியிருக்கிறீர்கள்! கண்மணி, அத்தை முகம் இப்போது எப்படி இருக்கிறது என்று பார்த்து எனக்குத் தனியாக எழுது.

வியாழக்கிழமை செல்வராஜுக்கு ஆபீசில் ஏதோ தலை போகிற வேலை. தென்றலை ஸ்கூலில் விட்டுவிட்டு, தாமரைச்செல்விதான் எங்களை ஆஸ்பத்திரிக்கு டிரைவ் பண்ணிக் கூட்டிப் போனாள். வெயிலில் கண் கூசியது, ஆனால் காற்று காதை அறுத்தது. ஃப்ரீவேயில் அவள் ஓட்டின வேகத்துக்கு நான் கும்பிடாத சாமி இல்லை.

காத்திருக்கிற இடத்தில் எங்களுக்கு எதிரே ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். இவர் வயதுதான் இருக்கும். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். பெயர் வெர்னன். இந்த ஊர்க்காரர்கள் முன்பின் தெரியாதவர்களிடமும் சிரித்துப் பேசுவார்கள். அவரும் பேச ஆரம்பித்தார். தாமரைச்செல்வி எங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். 'அவங்க வீட்ல காட்டன் போட்டாங்களாம் மாமா. இவர் சின்னப் பையனா இருக்கும்போது ரேட்டே இல்லாம போயிடுச்சாம். கவர்மென்ட்காரங்க வந்து, நிக்கிற செடியை உழுதுடுங்கன்னு சொல்லிட்டாங்களாம்' என்றாள்.

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். விளைந்ததை உழுவதா என்று அவளைக் கேட்கச் சொன்னார். அந்தப் பெரியவர் தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். ஏர் இழுப்பதற்கு அவர்கள் வீட்டில் கோவேறு கழுதைகள் இருந்தனவாம். செடி வரிசையை மிதிக்கக் கூடாது என்று அடித்துப் பழக்கிய கழுதைகள். இப்போது மிதி என்றால் மிதிக்குமா? அசைய மாட்டேன் என்று நின்றுவிட்டனவாம். அவருடைய அப்பா அந்தக் கழுதையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாராம். அப்புறம் மண்புயலும் சேர்ந்துகொள்ள, பருத்திக் காட்டை விட்டுவிட்டு, அவித்த பயறைத் தின்றே அந்த வருஷங்களை ஓட்டியிருக்கிறார்கள். பட்டாளத்தில் சேர்ந்த பிறகுதான் மூன்று வேளையும் சாப்பிட்டேன் என்று சொல்லிச் சிரித்தார். கழுதை மேய்க்கத் தெரிந்த ஆள் என்று இத்தாலி மலையில் கழுதைப் படையில் போட்டார்களாம்.

அப்போதுதான் அது நடந்தது. தாமரைச்செல்வி தமிழில் சொல்லி முடிப்பதற்குள் இவர் எழுந்து நின்றுவிட்டார். 'மியூல்? ஐ ஆல்சோ மியூல் மேன் சார். இம்பால். ஃபார்ட்டி ஃபோர்' என்றார்.

இங்கிலீஷில் சொன்னார் அண்ணி! இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன், இந்த வாயிலிருந்து இங்கிலீஷ் வந்து நான் கேட்டதே இல்லை. அந்தப் பெரியவரும் எழுந்தார். தன் முழங்காலைத் தட்டி, உள்ளே இன்னும் இரும்பு இருக்கிறது என்று காட்டினார். இவர் உடனே கையைத் தோளுக்கு மேலே கொண்டுபோய், முதுகில் அந்த மாடு முட்டின தழும்பைத் தொட்டு, 'மீ ஆல்சோ சார். ஹியர்' என்றார். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

தாமரைச்செல்விக்கு முகம் வெளுத்துவிட்டது. 'என்ன மாமா இது! டாக்டர் அத்தனை தடவை இஞ்சுரி இருக்கா, இஞ்சுரி இருக்கான்னு கேட்டாரே. ஏன் மாமா சொல்லலை?' என்று கிட்டத்தட்ட கத்தினாள். இவர் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். 'உங்க அத்தை பக்கத்துல உக்காந்திருந்தாளேம்மா' என்றார்.

அதற்கு மேல் நான் அங்கே என்ன செய்வேன்? சிரிப்பதா, நான்கு பேர் முன்னால் மண்டையில் குட்டுவதா? அவள் ஓடிப்போய் நர்சிடம் சொன்னாள். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். குண்டுமணி அளவு இரும்புத் துண்டு. அதைச் சுற்றிச் சதை வளர்ந்து இறுகி, மூடிப் பத்திரமாக வைத்திருக்கிறது. முதலில் எடுத்த படத்திலேயே இரும்போ என்று கொஞ்சம் சந்தேகம் இருந்ததாம். ஆனால் வீட்டார் இத்தனை பேர் சேர்ந்து காயமே இல்லை என்று அடித்துச் சொன்னதால், எதற்கும் பார்த்துவிடலாம் என்று ஸ்கேனுக்கு அனுப்பினாராம். வேறு ஒரு கெடுதலும் இல்லை. இருமலுக்கு ஒரு மாத்திரை, ஒரு சிரப். அது இப்போது பாதி குறைந்துவிட்டது. காரில் ஏறி உட்கார்ந்ததும் நான் அழுதேன். தாமரைச்செல்வியும் வண்டியை எடுக்காமல் அழுதாள். இவர் மட்டும் பசிக்கிறது என்றார்.

மறுநாள் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்து, செல்வராஜும் நானும் கேட்கக் கேட்க எல்லாம் வந்தது. ஆட்கள் எடுக்கிறவர்கள் தருமபுரிச் சந்தையில் கூடாரம் போட்டு, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி அண்டாவில் சோறு வடித்தார்களாம். அந்த வாசனைக்குத்தான் போனேன், ராஜாவுக்காகவும் இல்லை, நாட்டுக்காகவும் இல்லை என்றார். பதினேழு வயதைப் பதினெட்டு என்று சொல்லிச் சேர்ந்திருக்கிறார். முதல் நாள் தட்டு நிறையச் சோறு போட்டபோது, அக்கா அங்கே என்ன தின்கிறாளோ என்று நினைத்துத் தொண்டையில் இறங்கவில்லையாம். இதைச் சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்மணி, இதை அத்தைக்கு மெதுவாக வாசி.

குடியானவன் வீட்டுப் பிள்ளை என்று இவர் கையிலும் கோவேறு கழுதைகளைக் கொடுத்திருக்கிறார்கள். ஜப்பான்காரன் சுற்றி வளைத்திருந்த இம்பாலில் இருந்து மலை உச்சிக் காவல்களுக்கு மாவும் பருப்பும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு போகிற வேலை. ஒரு நாள் ஏற்றத்தில் குண்டு விழுந்தது. அந்தப் பக்கம் நின்ற கழுதை முழு அடியையும் வாங்கிக்கொண்டு செத்துவிட்டது. மிச்சம் ஒரு சில்லுதான் இவர் முதுகில் ஏறியது. அந்தக் கழுதையின் பெயர் ராணியாம். ராணி இல்லையென்றால் நான் இல்லை என்று சொல்லி, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். எனக்கு ஒரு சக்களத்தி இருந்த சேதி இந்த வயதில்தான் தெரிகிறது. அவள் நல்ல கதிக்குப் போயிருக்கட்டும் என்று விளக்கு வைத்துக் கும்பிட்டேன்.

இத்தனை வருஷம் நான் மாவு மூட்டைப் பட்டாளம் என்று கேலி பண்ணும்போதெல்லாம் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று இவரைக் கேட்டேன். 'மாவு மூட்டைதானே தூக்கினேன். எந்த ஊர்லன்னு நீ கேக்கவே இல்லையே' என்கிறார்! இது அவருடைய சாமர்த்தியம். என் சாமர்த்தியத்தைப் பாருங்கள்: சின்ன வயதிலேயே மாடுகளை விற்றுவிட்ட வீட்டில் எந்த மாடு வந்து முட்டியது என்று ஒரு நாளாவது யோசித்தேனா?

ஏன் மறைத்தார் என்று நான் கேட்கவில்லை. அவர் இம்பால் என்று சொன்ன நிமிஷமே எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் ஊர் சேனாபதி அண்ணன் சண்டையில் அடிபட்டு வந்து, ஒரு நாள் உழுதுகொண்டிருக்கும்போதே விழுந்து செத்தார். உள்ளே இருந்த இரும்பு நகர்ந்து போய் நெஞ்சில் குத்திவிட்டது என்று ஊரே சொன்னது. அதனால்தான் நீங்கள் பெண் பார்க்க வந்த அன்று, பட்டாளத்தில் இருந்தவர் என்று கேட்டதும் அப்பா அத்தனை பேர் முன்னால் சொன்னார், இரும்பு பாய்ந்த உடம்புக்கு என் பெண்ணைக் கொடுத்துத் தாலி அறுக்க வைக்க மாட்டேன் என்று. உங்கள் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். இவர் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் நீங்கள் முந்திக்கொண்டு, 'என் தம்பி மாவு மூட்டை அடுக்கினவன்ங்க. முதுகுல இருக்கிறது மாடு முட்டின தழும்பு' என்றீர்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

பொய் சொன்னீர்களே ஒழிய, நீங்களும் நிம்மதியாக இருக்கவில்லை என்று இப்போது தெரிகிறது. இவருக்கு ஒரு தும்மல் வந்தால் போதும், அடுத்த பஸ் பிடித்து ஓடி வந்துவிடுவீர்கள். தம்பி மேல் இத்தனை உருக்கமா என்று நானே முகத்தைச் சுளித்திருக்கிறேன். பழனிகிட்ட சொல்லிடட்டுமாடா என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் இவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பீர்களாமே. இவரும் அந்த இரும்பு நகரும் என்று நம்பித்தான் இருந்திருக்கிறார். நகர்ந்துவிடக் கூடாது என்று இத்தனை வருஷமும் வலது பக்கமே ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். நானோ எனக்கு முதுகு காட்டிப் படுக்கிற மனுஷன் என்று உள்ளுக்குள் குமைந்துகொண்டு இருந்தேன். டாக்டரிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி அது நகருமா என்பதுதான். இவ்வளவு காலம் நகராதது இனி எங்கேயும் போகாது என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். நேற்று மத்தியானம் சோபாவில் இடது பக்கமாகச் சாய்ந்து, வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்கினார். நான் டிவியைக்கூட நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த வெர்னன் பெரியவருக்கும் கெடுதல் ஒன்றும் இல்லையாம். நேற்று போன் பண்ணினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறார். இவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் அன்றைக்கே தீர்ந்துவிட்டது, இரண்டு பேரும் என்ன பேசப் போகிறார்களோ தெரியாது. தாமரைச்செல்வி சிக்கன் பிரியாணி பண்ணுகிறேன் என்கிறாள். தாத்தா சோல்ஜரா, சோல்ஜரா என்று தென்றல் இங்கிலீஷில் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அக்காவை ஒன்றும் சொல்லிவிடாதே என்று உங்கள் தம்பி இரண்டு நாளாக என்னைச் சுற்றிச் சுற்றி வருகிறார். இப்போதும் எதிரே உட்கார்ந்து, என்ன எழுதுகிறேன் என்று எட்டிப் பார்க்கிறார். நான் உங்களை என்ன சொல்லப் போகிறேன் அண்ணி? நீங்கள் அன்று ஒரு நிமிஷம் தயங்கியிருந்தால் தாம்பூலத் தட்டு அப்படியே திரும்பிப் போயிருக்கும். அப்பா வேறு ஒரு இடத்தையும் பார்த்து வைத்திருந்தார். இரும்பு பாயாத நல்ல உடம்பு. ஆனால் அந்த மாப்பிள்ளையைப் பார்த்ததும் எனக்கு அடுப்படியை விட்டு வெளியே வரவே தோன்றவில்லை. உங்கள் தம்பி வந்த அன்று மட்டும், அப்பா சரி என்று சொல்லிவிட வேண்டுமே என்று கதவுக்குப் பின்னால் கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன். இதை நான் இவரிடம்கூடச் சொன்னதில்லை. கண்மணி, இதை நீயும் வெளியே சொல்லாதே.

மன்னிப்பு கின்னிப்பு என்று பேச்சை எடுத்தீர்களானால் எனக்குக் கெட்ட கோபம் வரும். சித்திரை கழிந்து ஊருக்கு வருகிறோம். வந்ததும் உங்கள் காலில் விழுவேன். கல்யாணம் ஆன நாளாகப் பார்க்கிறேன், நான் விழும்போதெல்லாம் நீங்கள் தலையில் கையை வைப்பீர்கள், கண் கலங்குவீர்கள், ஆனால் தீர்க்க சுமங்கலியாக இரு என்று மற்றவர்கள் சொல்கிற அந்த வார்த்தையை மட்டும் சொல்ல மாட்டீர்கள். என்மேல் என்ன குறையோ என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

இந்தத் தடவை வாய் திறந்து சொல்லுங்கள் அண்ணி.

உங்கள் பாதம் பணியும்
பழனியம்மாள்